வண்டி கேட்கும் இருபது நிமிடம்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

வரலாறு படிக்கும் மாணவிக்கு மோட்டார் வண்டியின் புகைக்குழாயோடு என்ன உறவு என்று இம்மலரைப் புரட்டும் நண்பர்கள் வியக்கலாம். அசோகரின் கல்வெட்டையோ அக்பரின் ஆட்சிமுறையையோ எழுதவேண்டியவள் டீசலைப் பற்றி எழுதுவானேன்? ஆனால் வரலாறு அரண்மனை வாசலோடு நின்றுவிடுகிறதா? ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிந்த நாளும் எரியாத நாளும் வரலாறுதான். எங்கள் வீட்டு அடுப்பு, என் தாய்மாமன் ஓட்டும் டீசல் வாடகைக் காரை நம்பி எரிகிறது. அந்தக் காரின் அடியில், யார் கண்ணிலும் படாமல் இருக்கும் ஒரு வடிகட்டி சென்ற ஆண்டு ஏறத்தாழ ஆறு மாதம் எங்களைப் படாத பாடு படுத்தியது.

'டி.பி.எஃப்.' என்று ஒர்க் ஷாப்பில் அதைச் சொல்கிறார்கள். டீசல் துகள் வடிகட்டி என்று நாம் சொல்லலாம். புதிய டீசல் கார் வைத்திருக்கும் பேராசிரியப் பெருமக்கள் நம் கல்லூரியில் உண்டு. விடுமுறை நாள்களில் வாடகை வண்டி ஓட்டிக் கல்விக் கட்டணம் கட்டும் நண்பர்களும் உண்டு. இருசாராருக்கும் பயன்படட்டும் என்ற எண்ணத்தில், அந்த ஆறு மாதத்தில் நான் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

புகை பிறக்கும் இடம்

பாரிசில் 1858-இல் பிறந்த ருடால்ஃப் டீசல் என்னும் பொறியாளர், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-இல் தம் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வைத்து எரிபொருளைக் கொளுத்துகிறார்கள். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை மட்டும் உள்ளிழுத்து, அதை மிக இறுக்கமாக நெருக்கினால் அது கடுஞ்சூடு அடைகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்கிறது. செலவு குறைவு, இழுவை மிகுதி. லாரியும் பேருந்தும் டிராக்டரும் டீசலை நாடியதன் காரணம் இதுவே.

ஆனால் பீய்ச்சிய டீசல் முழுவதும் காற்றோடு கலப்பதற்கு அங்கே நேரமில்லை. கண்ணிமைக்கும் நேரத்திலும் சிறு பகுதிக்குள் எல்லாம் எரிந்து முடியவேண்டும். காற்றுப் போதாத இடத்தில் டீசல் முழுதும் எரியாமல் கரியாக நின்றுவிடுகிறது. விறகடுப்பை ஊதாமல் விட்டால் சட்டியின் அடியில் கரி ஏறுகிறதே, அதே கதைதான். இந்தக் கரித்துகள்களில் மிகப் பல, நம் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாதவை. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுக்க முடியாது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று தங்கிவிடுகின்றன. டீசல் எஞ்சின் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று, உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012 ஜூன் மாதம் அறிவித்தது.

வழியை அடைத்து வழி கண்டவர்கள்

இந்தக் கரியைக் குழாய்க்குள்ளேயே பிடித்து நிறுத்தினால் என்ன என்று அறிஞர்கள் எண்ணினார்கள். பிரான்சு நாட்டின் பெஜோ நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தன் 607 என்னும் காரில் இத்தகைய வடிகட்டியைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய 4-ஆம் நிலையில் ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை துகள் வெளியிடலாம். 6-ஆம் நிலையில் 4.5 மில்லிகிராம் மட்டுமே. இடையில் இருந்த 5-ஆம் படியைத் தாண்டியே நாடு ஆறாம் படிக்குச் சென்றது. டீசலில் இருக்கும் கந்தகத்தின் அளவும் பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. கந்தகம் மிகுந்தால் புகையைத் தூய்மை செய்யும் கருவிகள் கெட்டுவிடும்.

வடிகட்டியின் அமைப்பு எளிது. எளிதாக இருப்பதாலேயே அழகானது. தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் உருளை. அதில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழல்கள். ஒரு குழலுக்குப் பின்வாய் அடைக்கப்பட்டிருக்கும். அதன் பக்கத்துக் குழலுக்கு முன்வாய் அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே புகுந்த புகை நேரே வெளியேற வழியில்லை. குழலின் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாகப் பக்கத்துக் குழலுக்குள் கசிந்துதான் வெளியேற வேண்டும். காற்று கசியும், கரி சுவரில் நின்றுவிடும். பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலான கரி இவ்வாறு பிடிபடுகிறது.

சரி, வடிகட்டி என்றால் அடைபடும் அன்றோ? காப்பி வடிகட்டியில் தூள் அடைத்தால் கழுவுகிறோம். ஏர் ஃபில்டரில் தூசு ஏறினால் தட்டுகிறோம், மாற்றுகிறோம். எஞ்சினோடு இறுகப் பொருத்திய இந்த வடிகட்டியை வாரந்தோறும் யார் கழற்றுவது? அங்கேதான் இக்கட்டுரையின் பொருள் வருகிறது. பிடித்த கரியை வண்டியே எரித்துத் தன்னைத் தூய்மை செய்துகொள்ளும். 'ரீஜெனரேஷன்' என்பது அதன் பெயர். மெக்கானிக்குகள் சுருக்கமாக 'ரீஜென்' என்பார்கள்.

கரி எரியும் முறை

இது இருவகைப்படும். முதல் வகை தானாக நிகழ்வது. வண்டி நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில், நல்ல சுமையோடு போகும்போது புகையின் வெப்பம் 250 டிகிரியிலிருந்து 400 டிகிரி வரை நிலைத்து நிற்கும். அந்த வெப்பத்தில், புகையிலேயே உண்டாகும் நைட்ரஜன் டை ஆக்சைடு கரியை மெல்ல மெல்ல எரித்துவிடும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது.

இரண்டாம் வகை வண்டியின் கணினி முயன்று நிகழ்த்துவது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இரண்டு சிறு குழாய்கள் ஓர் உணர்கருவிக்குச் செல்கின்றன. முன்னே அழுத்தம் ஏறி, பின்னே அழுத்தம் குறைந்தால் அடைப்பு மிகுகிறது என்று பொருள். அதனோடு ஓடிய தூரத்தையும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, கரி இத்தனை ஏறிவிட்டது என்று கணினி முடிவு செய்யும். உடனே, எரிந்து முடிந்த நேரத்தில் இன்னும் சிறிது டீசலைப் பீய்ச்சச் செய்யும். அந்த டீசல் வடிகட்டிக்கு முன் இருக்கும் வினையூக்கியில் எரிந்து, புகையின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரிக்கு உயர்த்தும். அந்தச் சூட்டில் கரி எரிந்து தீர்கிறது. இதற்குப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகும்.

அந்த இருபது நிமிடத்தின் நடுவில் சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்திவிட்டால்? கரி அரைகுறையாக எரிந்து நிற்கும். அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து சூடேற்ற வேண்டும். மீண்டும் டீசல் செலவாகும். கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் நீர்த்துப்போகும். ஆயில் கேஜை இழுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். வீட்டில் எண்ணெய் கூடினால் மகிழலாம். எஞ்சினில் கூடினால் மகிழ இயலாது!

இப்படியே பலமுறை தடைப்பட்டால் மீட்டர் போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். ஒரு பெட்டி, அதன் இருபுறமும் குழாய், பெட்டிக்குள் சில புள்ளிகள்: அதுதான் அந்த விளக்கின் படம். அதையும் பொருட்படுத்தாவிட்டால் வண்டி தன் வலிமையைத் தானே குறைத்துக்கொண்டு ஊர்ந்து செல்லும். கரி அளவு கடந்துவிட்டால் கணினி தானாக எரிக்க மறுத்துவிடும். ஒரேயடியாக அத்தனை கரியும் பற்றினால் பீங்கானே வெடித்துவிடும் என்ற அச்சம் அதற்கு!

மாமாவின் கார்

மாமாவின் கார் ஏழுபேர் அமரும் டீசல் வண்டி, 2021-இல் தயாரானது. இரண்டாம் கையாகக் கடனில் வாங்கினார். முதல் இரண்டு ஆண்டுகள் பழனி, சபரிமலை, திருவண்ணாமலை, பெங்களூர் விமான நிலையம் என்று நெடும்பயணமாகவே ஓடியது. வடிகட்டி என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

பின்னர் முதுகுவலி வந்து மருத்துவர் எச்சரித்ததும் மாமா நெடும்பயணத்தைக் குறைத்துக்கொண்டார். தருமபுரி நகருக்குள்ளேயே மாதச் சவாரி பிடித்தார். காலையில் ஆசிரியைகள் மூவரைப் பள்ளியில் இறக்குவது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று திரும்ப அழைத்து வருவது என்று வேலை அமைந்தது. எல்லாம் நான்கு கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர். காத்திருக்கும் நேரத்தில் ஏ.சி.க்காக எஞ்சின் நின்றபடியே ஓடும். வெப்பமோ ஏறாது, கரியோ குறையாது.

மூன்றாம் மாதம் விளக்கு எரிந்தது. பென்னாகரம் சாலையில் ஏற்றத்தில் வண்டி பிக்கப் இழந்து மாட்டுவண்டியாயிற்று. ஒர்க் ஷாப்பில் கணினியைப் பொருத்தி, வண்டியை நிறுத்தியபடியே வலிந்து கரியை எரித்துக் கொடுத்தார்கள். பணம் கட்டினோம். மூன்றே வாரத்தில் விளக்கு மீண்டும் எரிந்தது. வடிகட்டியையே மாற்றவேண்டி வரலாம் என்று அவர்கள் சொன்ன தொகை, மாமாவின் நான்கு மாதக் கடன் தவணையைவிட அதிகம்.

அப்போதுதான் வேறொரு மெக்கானிக் எளிய வழி ஒன்று சொன்னார்.

"எதுக்குண்ணே இந்தத் தொல்லை? உள்ள இருக்கிறதை உடைச்சு எடுத்துட்டு, கம்ப்யூட்டர்லயும் மறைச்சுவிட்டா முடிஞ்சுது. வெளியில இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. பல பேர் பண்ணிட்டாங்க."

செலவோ புதிய வடிகட்டியின் விலையில் மிகச் சிறு பங்கு. அன்றிரவு வீட்டில் பெரிய வாதம் நடந்தது. அம்மா எடுத்துவிடலாம் என்றார். தவணை தவறினால் வண்டியையே தூக்கிக்கொண்டு போவார்களே என்ற அச்சம் அவருக்கு. அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது என்று நான் கூறினேன். "சட்டம் வந்து தவணை கட்டுமா?" என்று அம்மா கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

மாமா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நான் பதினாறு வயசுல லாரி கிளீனரா போனவன், பாப்பா. ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னாடி நின்னு சைகை காட்டணும். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிச்சா அத்தனை புகையும் என் மூஞ்சியிலதான். ராத்திரி துப்பினா கறுப்பா வரும். வண்டி ஓட்டுறவனுக்குப் புகை தெரியாது. பின்னாடி நிக்கறவனுக்குத்தான் தெரியும்."

அதற்குமேல் வாதம் நடக்கவில்லை. வடிகட்டி வண்டியிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஆனால் இருப்பதென்றால் அதைக் காப்பாற்றும் வழியைக் காணவேண்டுமே!

ஒரு குறிப்பேடு தொடங்கியது

கணினி அறிவியல் துறையில் படிக்கும் தோழி ஒருத்தி வழி காட்டினாள். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு துளை கொண்ட ஓர் இணைப்பு எல்லாப் புதிய கார்களிலும் உண்டு. அதில் தீப்பெட்டி அளவுள்ள ஒரு சிறு கருவியைச் செருகினால், வண்டியின் கணினி அறிந்தவற்றைப் புளூடூத் வழியாகக் கைப்பேசிக்குச் சொல்லும். அந்த வண்டிக்கு ஏற்ற செயலி கிடைத்தால் மூன்று எண்களைப் பார்க்கலாம்: வடிகட்டியில் கரி எத்தனை விழுக்காடு ஏறியிருக்கிறது, புகையின் வெப்பம் எத்தனை டிகிரி, கடைசியாக எரித்து முடித்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று.

வண்டி ஓட்டும்போது கைப்பேசியைப் பார்ப்பது கூடாது என்பதில் மாமா கண்டிப்பானவர். ஆகவே காலையும் மாலையும் எண்களைக் குறிப்பது என் பொறுப்பாயிற்று. விடுமுறை நாள்களில் பக்கத்தில் அமர்ந்து சென்றேன். கல்வெட்டுப் படியெடுப்பது போல நாள், இடம், தூரம், கரி, வெப்பம் என்று கட்டம் போட்டு எழுதினேன்.

எழுத எழுத வண்டி பேசத் தொடங்கியது எனலாம். நகருக்குள் ஓடிய நாள்களில் கரி மளமளவென்று ஏறியது. தருமபுரியிலிருந்து காரிமங்கலம், காவேரிப்பட்டினம் வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் சென்ற நாளில் கரி ஏறவேயில்லை. சிறிது இறங்கியும் இருந்தது. தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும்போது ஆக்சிலேட்டரை மிதிக்கத் தேவையில்லாததால் வெப்பம் தணிந்தது. திரும்பி ஏறும்போது வெப்பம் உயர்ந்தது. ஒரே சாலை, போகும்போது ஒரு நிலை, வரும்போது மற்றொரு நிலை!

ஒரு மாதக் குறிப்பைக் கூட்டிப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. அந்த மாதத்தில் வண்டி பதினொரு முறை கரியை எரிக்கத் தொடங்கியிருந்தது. அவற்றுள் ஏழு முறை நடுவிலேயே எஞ்சின் நிறுத்தப்பட்டிருந்தது. பள்ளி வாசல் வந்துவிட்டது, மருத்துவமனை வந்துவிட்டது, வீடு வந்துவிட்டது என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். வடிகட்டி பழுதாகவில்லை. தன் வேலையை முடிக்க அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

கருவி இல்லாமலும் எரிப்பு நடப்பதை அறியலாம் என்று மாமா விரைவில் கண்டுகொண்டார். நின்றிருக்கும்போது எஞ்சினின் சுற்று வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும். ஒலி கொஞ்சம் கனத்துக் கேட்கும். மைலேஜ் காட்டும் எண் திடீரென்று விழும். சூடான இரும்பின் மணம் வரும். வண்டியை நிறுத்திய பின்னும் ரேடியேட்டர் விசிறி விடாமல் சுற்றும். இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் சாவியைத் திருப்பாமல் ஓட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

ஒருநாள் மாலை டயாலிசிஸ் முடிந்து பெரியவரை அழைத்து வந்துகொண்டிருந்தோம். அவர் வீட்டுத் தெரு நெருங்கும்போது எரிப்புத் தொடங்கிவிட்டது. களைத்திருக்கும் மனிதரை எப்படிக் கேட்பது என்று மாமா தயங்கினார். பிறகு, "ஐயா, உங்களை இறக்கி விட்டுட்டு நான் மட்டும் பைபாஸ்ல ஒரு சுத்து போகணும். எஞ்சினை ஆஃப் பண்ணாமலே நிக்கிறேன், மெதுவா இறங்குங்க" என்று காரணத்தைச் சொன்னார்.

பெரியவர் சிரித்துவிட்டார். "எனக்கு நாலு மணி நேரம் ஆவுது, உன் வண்டிக்கு இருபது நிமிஷம் போதுமா? போப்பா, நானும் வரேன். பாதியில நிறுத்தினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டே அவர் வந்தார். 18 நிமிடத்தில் கரி 9 விழுக்காட்டுக்கு இறங்கியது என்று அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

நோய் எங்கே, வலி எங்கே?

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். இரண்டு மாதம் அமைதியாக ஓடியது. ஒவ்வோர் எரிப்பும் முழுமையாக முடிந்தது. ஆனால் குறிப்பேட்டில் ஒரு மாற்றம் தென்பட்டது. முன்பு 300 கிலோமீட்டருக்கு ஒருமுறை நடந்த எரிப்பு, 240 ஆயிற்று; பின்னர் 180; பின்னர் 130. அதே சாலை, அதே சவாரி. பின் ஏன் கரி விரைந்து ஏறுகிறது?

இந்த எண்களை எடுத்துக்கொண்டு மாமா மூன்றாவதாக ஒரு மெக்கானிக்கிடம் சென்றார். வயதில் மூத்தவர், பேச்சுக் குறைந்தவர். அவர் குறிப்பேட்டை இருமுறை படித்தார். வடிகட்டியைத் தொடவே இல்லை. எஞ்சின் பக்கம் குனிந்து, டர்போவிலிருந்து காற்று செல்லும் ரப்பர் ஹோஸைத் தடவினார். விரலில் ஆயில் பிசுக்கு ஒட்டியது. ஹோஸில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு!

நெருக்கிய காற்று அங்கே கசிந்துகொண்டிருந்தது. எஞ்சினுக்குப் போகவேண்டிய காற்றுக் குறைந்தது. காற்றுக் குறைந்ததால் கரி மிகுந்தது. கரி மிகுந்ததால் வடிகட்டி அடிக்கடி திணறியது. ஹோஸை மாற்றினோம். முன்பு கேட்ட தொகைகளோடு ஒப்பிட்டால் செலவு மிகச் சிறிது. அடுத்த மாதமே இடைவெளி பழையபடி 300-ஐத் தொட்டது.

நான் எண்ணிப் பார்த்தேன். வடிகட்டியை உடைத்து எடுத்திருந்தால் விளக்கு அணைந்திருக்கும். ஆனால் ஹோஸின் வெடிப்பு அப்படியே இருந்திருக்கும். கரி முழுவதும் ஊரின் மேல் போயிருக்கும். நாங்களோ பழுது தீர்ந்தது என்று நம்பியிருப்போம். அடிக்கடி அடைபடும் வடிகட்டி பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும் நோயைச் சொல்கிறது. எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்டர் சொட்டலாம். புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்கு அனுப்பும் வால்வு கரி பிடித்துச் சிக்கியிருக்கலாம். அழுத்தத்தை அளக்கும் உணர்கருவியே பொய் சொல்லலாம். சேதி கொண்டுவருபவனை அடித்துத் துரத்துவது மன்னர்கள் செய்த பிழை என்று வரலாற்று வகுப்பில் படிக்கிறோம். நாமும் அதைச் செய்யவேண்டுமா?

நாம் கடைப்பிடிக்கக்கூடியவை

இனி, பட்டறிவால் தெரிந்த சிலவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன்.

நகருக்குள்ளேயே ஓடும் டீசல் காரை வாரம் ஒருமுறையேனும் நெடுஞ்சாலைக்குக் கொண்டுசெல்வது நல்லது. மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் குறையாமல், எஞ்சின் 2000 சுற்றை ஒட்டி இருக்குமாறு கியர் போட்டு, இடையில் நிறுத்தாமல் இருபது முப்பது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் போதும். வண்டியோடு தந்த கையேட்டில் அந்த வண்டிக்குரிய முறை எழுதியிருக்கும். அதுவே முதல் ஆசான்.

டாங்கில் டீசல் ரிசர்வுக்குப் போய்விட்டால் பல வண்டிகள் எரிப்பைத் தொடங்குவதே இல்லை. கால் டாங்கு எப்போதும் இருக்கட்டும். எஞ்சின் விளக்கு வேறு காரணத்தால் எரிந்தாலும் எரிப்பு நடக்காமல் போகலாம். முதலில் அந்தப் பழுதைத் தீர்க்கவேண்டும்.

ஆயிலில் சிக்கனம் பார்க்கலாகாது. கரி எரிந்து போகும். ஆனால் ஆயிலில் உள்ள சேர்மானங்கள் எரிந்து விடும் சாம்பல் எரியாது. அது வடிகட்டிக்குள் நிலையாகத் தங்கி ஆண்டாண்டாக இடத்தை அடைக்கும். சாம்பல் குறைவாக விடும் ஆயில் என்று இவ்வண்டிகளுக்கெனத் தனி வகை உண்டு. கையேடு சொல்லும் வகையையே ஊற்றவேண்டும். மாதம் ஒருமுறை கேஜை இழுத்துப் பார்த்து, அளவு மேற்கோட்டைத் தாண்டியிருந்தால் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

சில வண்டிகளில் யூரியாக் கரைசல் ஊற்ற ஒரு தனி டாங்கு இருக்கும். அது நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்கானது. அதை நிரப்பினால் கரி போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலை.

நம் மாவட்டத்துக்கென்றே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கேழ்வரகும் கொள்ளும் அறுவடையானதும் சாலையில் பரப்பிக் காயவைப்பதும், வண்டிச் சக்கரம் ஏறித் தாள் உதிர்வதும் நாம் அறிந்ததே. எரிப்பு நடக்கும் நேரத்தில் வண்டியின் அடிப்பாகம் கடுஞ்சூட்டில் இருக்கும். காய்ந்த தாளின்மேல் வண்டியை நிறுத்துவது தீயை அழைப்பதாகும். காய்ந்த புல்தரையும் அப்படியே.

இறுதியாக ஒன்று. குறுந்தொலைவு மட்டுமே ஓட்டப்போகிறவர்களுக்கு டீசல் கார் ஏற்றதன்று. வாங்கும்முன் இதை எண்ணிப் பார்ப்பது பின்னால் ஒர்க் ஷாப்பில் நிற்பதைத் தவிர்க்கும். மாமாவே இப்போது அடுத்த வண்டி வேறு வகையாக இருக்கட்டும் என்று பேசி வருகிறார். அதுவரை இந்த வண்டியை நன்றாக வைத்துக்கொள்ளவேண்டியது எங்கள் கடமை. தவணை இன்னும் 22 மாதம் இருக்கிறது.

இவ்வளவு எண்களும் எதற்கு, இருபது நிமிடம் கூடுதலாக ஓட்டினால் டீசல் செலவுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். செலவுதான். மாதத்தில் மூன்று நான்கு முறை பைபாஸ் சென்று திரும்பும் டீசல் செலவை நானே கூட்டி எழுதியிருக்கிறேன். ஒருமுறை ஒர்க் ஷாப்பில் வலிந்து எரிக்கக் கொடுத்த கூலியைவிட அது குறைவு. வாசலில் நின்று கையசைக்கும் பிள்ளைகள் அந்தப் புகையை விழுங்காமல் இருப்பதற்கு எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல், அதை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன்.

தேர்வு நெருங்கிவிட்டதால் குறிப்பேட்டை இப்போது மாமாவே எழுதுகிறார். எழுத்துப் பெரிது பெரிதாக, கோட்டை மீறி இருக்கும். எண்கள் மட்டும் சரியாக இருக்கும். நம் கல்லூரியில் டீசல் கார் வைத்திருப்போர் யாருக்கேனும் மஞ்சள் விளக்கு எரிந்தால், வடிகட்டியைப் பற்றி முடிவெடுக்கும் முன்னர் வரலாற்றுத் துறைப் பக்கம் வந்து என்னைக் கேளுங்கள். குறிப்பேட்டைக் காட்ட மாமா இசைந்திருக்கிறார்.